காவலுக்கு வந்தவர்களின் கடல்

2025 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்காக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. அன்று கையெழுத்தான ஏழில் அது ஒன்று. இரண்டு நாடுகளுக்கும் இடையே இந்த விஷயம் இப்படி எழுத்தில் வருவது அதுதான் முதல் தடவை. தொலைக்காட்சியில் ஓய்வுபெற்ற அட்மிரல்கள் வரைபடத்தில் குச்சி வைத்து விளக்கினார்கள். கொழும்பில் எதிர்க்கட்சிக்காரர்கள் ‘முழு வாசகத்தைக் காட்டு’ என்று வாரக்கணக்கில் கத்தினார்கள். அந்தப் பயணத்தையொட்டி நல்லெண்ண அடையாளமாக இலங்கைச் சிறையிலிருந்து 11 தமிழக மீனவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மறுநாள் பிரதமர் அங்கிருந்து நேராக வந்து பாம்பன் புதுப்பாலத்தைத் திறந்து வைத்தார்.

அந்தப் பதினோரு பேர்தான் எனக்கு உறுத்தல். ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை எடுத்தால் கூடவே ஒரு துணிப்பை தருவார்கள் இல்லையா, அந்த மாதிரி. ஒப்பந்தத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒப்பந்தம் நடக்கும்போது கையில் கொடுத்தனுப்ப வசதியாக அவர்கள் எப்போதும் அங்கே சிறையில் இருப்பார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் சண்டை பாதுகாப்பு ஒத்துழைப்போடு இல்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்கிற கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. அடுத்த வருடம் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது. கூடங்குளம் அணு உலையும் விஜயநாராயணம் கடற்படைத் தளமும் இருக்கிற கரையில் பிறந்தவனுக்கு இதெல்லாம் கவலை தராமல் இருக்காது. தன் மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்று அநுர குமார திசாநாயக்க சொன்னால், நல்லது, சந்தோஷம். நான் கேட்பது வேறு. யாருடைய பாதுகாப்பு? தூத்துக்குடியில் நின்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு டெல்லியில் கிடைக்கிற பதில் கிடைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 2000இல் நம் ‘சரயு’ கப்பலை இலங்கைக் கடற்படைக்குக் கொடுத்தோம், அது ‘சயுர’ ஆனது. 2017, 2018இல் கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ‘சயுரால’, ‘சிந்துரால’ இரண்டும் போய்ச் சேர்ந்தன. நம் கடலோரக் காவல்படையின் ‘வருணா’ அங்கே ‘சுரக்‌ஷா’ ஆனது. 2022 ஆகஸ்ட் 15 அன்று டோர்னியர் விமானம். 2024 ஜூனில் இந்தியாவின் 60 லட்சம் டாலர் மானியத்தில் கட்டிய கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம். 2005இலிருந்து ஸ்லினெக்ஸ் என்ற பெயரில் கூட்டுப் பயிற்சி.

இன்னொரு கணக்கும் உண்டு. அது நான் போட்டதில்லை, வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 2024 ஏப்ரல் 1ஆம் தேதி பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னது: இருபது ஆண்டுகளில் இலங்கை பிடித்த இந்திய மீனவர்கள் 6184 பேர், படகுகள் 1175. கப்பல்கள் போய்க்கொண்டிருந்த அதே இருபது ஆண்டுகள். நாம் கொடுத்த கப்பலே நம் ஆளைப் பிடித்தது என்று நான் சொல்லவரவில்லை. பரிசை வாங்கிய கடற்படையும் படகைப் பிடித்த கடற்படையும் ஒன்றேதான், அவ்வளவுதான் சொல்கிறேன். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். 2024 ஆகஸ்டில் நெடுந்தீவுக்குப் பக்கத்தில் கடற்படைப் படகு மோதி ஒரு ராமேஸ்வரத்து மீனவர் செத்தார். அதற்கு முந்தைய ஜூனில் நம் படகு ஒன்றைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவரும் செத்தார். இந்த இரண்டாவது சாவை நம் பத்திரிகைகள் எவ்வளவு சின்ன எழுத்தில் போட்டன என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

தூத்துக்குடிக்கு வருவோம். இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் தருவைகுளம். இழுவைமடியை விட்டுவிட்டு ஆழ்கடல் செவுள்வலைக்கு மாறிய ஊர் என்று மீன்வளத்துறைக்காரர்களே உதாரணம் காட்டுகிற ஊர். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த ஊர்ப் படகுகள் இரண்டையும் 22 பேரையும் கற்பிட்டிப் பக்கம் பிடித்தார்கள். அவர்களில் 12 பேருக்கு ஆளுக்குக் கோடிகளில், இலங்கை ரூபாயில்தான், அபராதம் விழுந்தது. வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை 17.5 கோடி ரூபாய் வரை உயர்த்தி இலங்கை 2018இல் போட்ட சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பங்குக்குக் கடலுக்குப் போகிறவனுக்குக் கோடி என்பது அபராதமே இல்லை, சாபம். அதற்கு முந்தைய வருடம், 2023 அக்டோபரில், அதே ஊர்ப் படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்தது. பன்னிரண்டு பேர். அங்கேயும் கோடிக் கணக்குதான்.

இப்போது கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் 2011இல் தொடங்கிய முத்தரப்புப் பேச்சிலிருந்து வளர்ந்தது, பிறகு மொரீஷியஸும் வங்கதேசமும் சேர்ந்தன. கடல் பாதுகாப்புதான் அதன் முதல் வேலை. தருவைகுளத்துக்காரன் கிழக்கே போனாலும் தெற்கே போனாலும் அந்த அமைப்பின் உறுப்பினர் ஒருவரிடம்தான் மாட்டுகிறான். நண்பர்கள் சூழ்ந்த கடல்!

‘பாதுகாப்பு வேறு, மீன் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்’ என்பார்கள். படித்தவர்கள் சொல்கிற இந்த வாக்கியத்தைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ‘குபேர்’ என்கிற மீன்பிடிப் படகைக் கடத்தி வந்தார்கள் என்று தெரிந்ததும் மறுநாளே மீனவர்கள் நாட்டின் கண்ணும் காதும் ஆகிவிட்டார்கள். பயோமெட்ரிக் அட்டை எடு, படகுக்கு மாநில வாரியாகச் சாயம் அடி, கருவி மாட்டு, சந்தேகமான ஆளைப் பார்த்தால் போன் பண்ணு. அப்போதெல்லாம் மீன் பாதுகாப்புக்குள் இருந்தது. 2022 அக்டோபரில் நம் சொந்தக் கடற்படையே பாக் நீரிணைப் பக்கம் நம் மீனவர் படகை நோக்கிச் சுட்டு ஒருவர் படுகாயப்பட்டபோதும் அது பாதுகாப்பு நடவடிக்கைதான். 2025 ஜனவரியில் இலங்கைக் கடற்படை சுட்டு காரைக்கால் மீனவர்கள் காயப்பட்டபோது கண்டனம் தெரிவித்தோம், சரி. கண்டனம் சொன்ன பத்தாவது வாரம் கையெழுத்து. பிடிப்பதும் சுடுவதும் ராடாரில் பார்ப்பதும் கடற்படை. பேச்சுவார்த்தை மட்டும் மீன்வளத்துறையோடு. எவ்வளவு சௌகரியமான பிரிவினை!

இந்தக் கரைக்கு இது புதுசும் இல்லை. காவலுக்கு ஒப்பந்தம் போட்டுக் கடலை விட்ட அனுபவம் தூத்துக்குடிக்கு இருக்கிற மாதிரி இந்தியாவில் வேறு எந்த ஊருக்கும் இருக்காது.

1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்களுக்கும் கடலிலும் வியாபாரத்திலும் பலம் பெற்றிருந்த மற்றவர்களுக்கும் முத்துப்பார்களின் மேல் பகை முற்றியது. பரதவர் பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் காவல் கேட்டார்கள். காவலுக்கு ஈடாக ஞானஸ்நானம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மூச்சில் மதம் மாறினார்கள். போர்த்துக்கீசியர் வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள்: 1538இல் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் கோழிக்கோட்டுப் படையை மார்ட்டிம் அஃபோன்சோ டி சோசா அடித்து நொறுக்கினான். பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தது அதற்குப் பிறகு, 1542இல். அந்த மக்களின் விசுவாசத்தை நான் எடைபோட வரவில்லை. அது ஐந்நூறு வருடமாக அவர்களோடு வளர்ந்துவிட்ட ஒன்று, பனிமய மாதாவின் தேர் ஓடும் தெருவில் நின்றவர்களுக்கு அது தெரியும். ஒப்பந்தத்தின் பொருளாதாரத்தை மட்டும் பார்க்கிறேன்.

அது எப்படி இருந்தது? கடற்கரைக்கு ஒரு கேப்டன் வந்தான். முத்துக்கு வரி வந்தது. அந்த வருமானத்தில் ஒரு பங்கு போர்த்துக்கல் அரசிக்குச் செருப்பு வாங்க என்று ஒதுக்கப்பட்டிருந்தது. கதையில்லை, நிஜம். சவேரியார் அந்தச் செருப்புக் காசைக் கேட்டு வாங்கி, 4000 பணம், உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பத்துப் பாகம் ஆழத்தில் சிப்பி பொறுக்கியவனின் உழைப்பு லிஸ்பனில் ஒருத்தியின் கால்விரலில் போய் முடிந்துகொண்டிருந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், அவர்களும் காவலுக்குத்தான். 1825இல் ஆங்கிலேயர். சலாபம் நடக்கும்போது குளிகாரனுக்கு எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் சர்க்காருக்கு. ஆட்கள் மாறினார்கள், காவலுக்கான விலை மட்டும் குறையவே இல்லை.

ஒன்று மட்டும் இத்தனை ஆட்சி மாற்றத்திலும் மாறாமல் இருந்தது. சலாபம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஆள் போவான். தூத்துக்குடியில் விழுந்தால் இங்கே, அரிப்பிலோ சிலாவத்துறையிலோ விழுந்தால் அங்கே. தூத்துக்குடி, கீழக்கரை ஆட்கள் மன்னார்ப் பார்களில் குளித்தார்கள். சிலாபம் என்கிற ஊர்ப்பெயரிலேயே சலாபம் இருப்பதாகச் சொல்வார்கள். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது வேறு எங்கும் யோசிக்கவில்லை, தூத்துக்குடி–கொழும்பு. 1914இல் பாம்பன் பாலம் வருவதற்கு முன்னால் போட் மெயில் வந்து நின்றது தூத்துக்குடியில்தான், அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு. கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்தது. பிறகு பார்கள் விளையவே இல்லை. அடுத்த பதினைந்து வருடத்தில் கடலின் மேலும் கோடு விழுந்தது.

அந்தக் கோட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கச்சத்தீவு மட்டும்தான். இங்கே டெல்லியை விட்டுவிட்டு நம் ஆட்கள் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது.

1974 ஜூன் 26, 28 தேதிகளில் கையெழுத்தான ஒப்பந்தம் பாக் நீரிணையைப் பிரித்தது, கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. சுமார் இரண்டு வாரம் கழித்து, ஜூலை 11 அன்று, தூத்துக்குடி நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. எங்கள் ஊரில் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவைப் பிரித்தது 1974 இல்லை. அது 1976 மார்ச் 23. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்பதும் அந்த 1976இல் இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதத்தில்தான் வந்தது. அப்போது தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. நெருக்கடி நிலை. கருணாநிதி ஆட்சி ஜனவரி 31இல் கலைக்கப்பட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. தூத்துக்குடிக்காரனின் கடலைப் பாதியாக வெட்டும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லித் தோற்கக்கூட ஒரு சபை இல்லை. தமிழ்நாட்டு அரசியல் எவ்வளவோ கோபப்பட்டிருக்கலாம் இதற்கு. படவில்லை. 1976ஐ வைத்து மேடையில் கைத்தட்டு வாங்க முடியாது. அதில் தீவு இல்லை, அந்தோணியார் கோயில் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட ஒன்றும் இல்லை.

ஆகவே கச்சத்தீவு. 2024 தேர்தலுக்கு முன்னால் பிரதமருக்கே திடீரென்று அது ஞாபகம் வந்தது. 2025 ஏப்ரல் 2 அன்று, கொழும்பு ஒப்பந்தத்துக்கு மூன்று நாள் முன்னால், தமிழ்நாடு சட்டமன்றம் தீவை மீட்கத் தீர்மானம் போட்டது. ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் விஜய் கேட்டார். செப்டம்பர் 1 அன்று திசாநாயக்கவே படகேறித் தீவில் போய் இறங்கினார், பதில் சொல்லியாயிற்று. அதைத் திரும்ப வாங்க வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தில் அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி சொன்னார். அவர் நக்கலாகச் சொன்னாரோ என்னவோ, நிலவரம் அதுதான். அந்த 285 ஏக்கர் நாளைக் காலையே நமக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தருவைகுளம் படகு பிடிபட்ட கற்பிட்டிக் கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே கிடக்கிறது. ஒரு செவுள்வலைகூட அதனால் மிஞ்சாது.

1976இல் வாட்ஜ் பேங்க் நமக்கு வந்ததே என்று டெல்லி ஆதரவாளர்கள் சொல்வார்கள். ஆமாம், குமரிக்குத் தெற்கே கிடக்கிற அருமையான மீன்பாடு, அது லாபம்தான். அங்கே இப்போது எண்ணெய், எரிவாயு எடுக்க ஏலம் விடுகிறார்கள். குமரி மீனவர்கள் கருப்புக்கொடி கட்டுகிறார்கள். மீனவனுக்காக வாங்கியதாகச் சொன்ன கடல்!

இப்போது அந்த இரண்டாவது சாவுக்கு வருகிறேன். இழுவைமடி.

இதை எழுதாமல் மேலே எழுதியதை மட்டும் எழுதினால் அது பொய். நாம் ‘தொப்புள்கொடி உறவு’ என்று மேடையில் சொல்கிறவர்கள்தான் கடலில் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு. 1983இலிருந்து 2009வரை அவர்களைக் கடலுக்கே விடவில்லை. படகின் குதிரைச்சக்திக்குக் கட்டுப்பாடு, நேரத்துக்குக் கட்டுப்பாடு, பாதிக் கடற்கரை உயர் பாதுகாப்பு வலயம். அந்த இருபத்தைந்து வருடமும் அந்தக் கடலில் நம் விசைப்படகு உழுதுகொண்டிருந்தது. போர் முடிந்து, கடன் வாங்கி, ஒரு சின்னக் கண்ணாடியிழைப் படகும் நைலான் வலையும் வாங்கிக்கொண்டு அவர்கள் திரும்பி வந்தால், ராத்திரியோடு ராத்திரியாக வலை அறுந்து போகிறது. அறுப்பது தமிழன். வலை தமிழனுடையது. அவர்களுடைய மொழியில் ‘றோலர்’ என்கிற சொல்லை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அதில் எவ்வளவு வெறுப்பு இருக்கிறது என்று தெரியும். இலங்கை 2017இல் தன் நாட்டில் இழுவைமடியைத் தடைசெய்தது. நம்மிடம் 1983ஆம் வருடச் சட்டமே கரையிலிருந்து மூன்று கடல்மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்குகிறது, இரட்டைமடி கூடாது என்கிறது. யார் கேட்கிறார்கள்? திரேஸ்புரம் நாட்டுப்படகுக்காரர்களிடம் போய் விசைப்படகைப் பற்றிக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் கேட்கிற அதே வசவைக் கொஞ்சம் நெல்லை உச்சரிப்பில் கேட்கலாம்.

அந்த விசைப்படகுக்காரனும் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. ஐம்பது, அறுபதுகளில் நார்வே உதவியோடு விசைப்படகையும் இழுவலையையும் கொண்டுவந்தது அரசாங்கம். இறாலுக்கு டாலர் வருகிறது என்று மானியம் கொடுத்து வளர்த்தது அரசாங்கம். இப்போது ‘ஏன் எல்லை தாண்டினாய்’ என்று கேட்பதும் அதே அரசாங்கம். 2017இல் ஒரு திட்டம் போட்டார்கள்: பாக் நீரிணையில் 2000 இழுவைப்படகுகளை மூன்று வருடத்தில் சூரை பிடிக்கிற ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது, ஒரு படகுக்கு 80 லட்சம், பெரும்பங்கு மானியம். நல்ல திட்டம். கெடு முடிந்து பல வருடமாகியும் அதில் சிறு துண்டுதான் நிறைவேறியது. சொந்தப் பங்கு, வங்கிக் கடன், ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கத் தெரியாத ஆட்கள், போய்வருகிற டீசல் செலவு என்று ஆயிரம் காரணம் சொல்கிறார்கள், எல்லாம் உண்மை. கோவாவில் கட்டிய ரோந்துக் கப்பல்கள் இரண்டும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தன. ராமேஸ்வரத்துக்கு வர வேண்டிய படகுகள் வரவில்லை. ஒரு அரசுக்கு எது அவசரம் என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறதா?

மற்ற நாடுகளில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. சீனாவும் வியட்நாமும் 1979இல் போர் செய்துகொண்டவர்கள், தென்சீனக் கடலில் இன்றும் முறைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். 2000 டிசம்பரில் டோங்கின் வளைகுடாவில் எல்லை போட்டபோது, மீன்பிடி ஒப்பந்தத்தையும் அதே நாளில் போட்டார்கள். இரண்டும் 2004இல் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு பொது மீன்பிடி மண்டலம், இத்தனை வருடத்துக்கு என்று கெடு. எதிரிகளுக்குக்கூட எல்லையும் மீனும் ஒரே விஷயம் என்று புரிந்திருந்தது. ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் டோரஸ் நீரிணையில் 1978இல், அதாவது நம் கடிதத்துக்கு இரண்டே வருடம் கழித்து, எல்லை போட்டார்கள். இரண்டு கரைப் பழங்குடிகளும் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரலாம், மரபுப்படி மீன்பிடிக்கலாம் என்று அந்த உடன்படிக்கையிலேயே எழுதினார்கள். அங்கே சண்டையே இல்லை என்று சொல்லவில்லை. எழுதியிருந்தார்கள். நாமும் 1974இல் மீனவரும் பக்தரும் கச்சத்தீவுக்கு முன்போல் போய்வரலாம் என்று ஒரு வரி எழுதினோம். அது வலை காயவைக்கவா, மீன்பிடிக்கவா என்று ஐம்பது வருடமாக அர்த்தம் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

புதுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்தியா கேட்டிருக்கக்கூடியவை பெரிய விஷயங்களும் இல்லை. மீனவனைப் பிடித்தால் ராணுவக் குற்றவாளி மாதிரி நடத்தாதே. 2008 அக்டோபரில் இரண்டு அரசும் சேர்ந்து ‘இந்திய மீன்பிடிப் படகுகள் மேல் சுடுவதில்லை’ என்று ஒத்துக்கொண்டதை இந்தக் காகிதத்தில் ஏற்று. இயந்திரம் கெட்டு, நீரோட்டத்தில் அடித்து வந்தவனையும் இழுவைமடி போட்டவனையும் பிரித்துப் பார். செவுள்வலைக்காரனுக்குக் கோடி ரூபாய் போடாதே. பதிலுக்கு நாங்கள் இழுவைமடியை இந்தத் தேதியோடு நிறுத்துகிறோம். பேரம் இப்படித்தான் நடக்கும், கையில் டோர்னியரும் கப்பலும் வைத்துக்கொண்டு பேசுகிறவனுக்கு இது முடியாததா? ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல டெல்லிக்கும் சென்னைக்கும் தைரியம் வேண்டும். விசைப்படகு உரிமையாளர்களுக்கு ஓட்டு இருக்கிறது. முல்லைத்தீவுக்காரனுக்கு இங்கே ஓட்டு இல்லை.

மீனவர்கள் தங்களுக்குள் பேசவில்லையா என்றால், பேசினார்கள். 2014 ஜனவரியில் சென்னையில், மே மாதம் கொழும்பில், 2015 மார்ச்சில் மறுபடி சென்னையில். அந்தக் கடைசிச் சுற்றில் நம் ஆட்கள் மூன்று வருடத்துக்கு, வருடம் 83 நாள் மட்டும் அந்தப் பக்கம் மீன்பிடிக்க விடுங்கள், அதற்குள் நாங்கள் மாறிக்கொள்கிறோம் என்றார்கள். வடக்கு மாகாண மீனவர்கள் முடியாது என்றார்கள். மறுத்ததில் நியாயம் இருந்தது, ஆனால் பேச்சு தேதி, நாள், கணக்கு என்ற இடத்துக்கு வந்திருந்தது. பேரம் அந்த அளவுக்கு வந்தபிறகு இரண்டு அரசும் கூட உட்கார்ந்து காசு எடுத்து வைத்திருந்தால் முடிந்திருக்கும். 2016இல் அதிகாரிகள் கூட்டுப் பணிக்குழு அமைத்துக்கொண்டார்கள். வலை போடுகிறவர்கள் மேசைக்கு வெளியே போனார்கள்.

2025 மார்ச் கடைசி வாரத்தில் தமிழக மீனவர் சங்கத்துக்காரர்கள் சிலர் தங்கள் முயற்சியிலேயே கடல் கடந்து போய், வவுனியாவில் வடக்கு மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். தேநீர், பழைய கோபம், அறுந்த வலைகளின் கணக்கு, சிறையில் இருக்கிற பையன்களின் பெயர்ப் பட்டியல். இரண்டு அரசாங்கத்தின் முத்திரையும் அந்த மேசையில் இல்லை. பத்து நாள் கழித்துக் கொழும்பில் முத்திரையோடு வேறொரு மேசை போட்டார்கள்.